கதவைத் தாங்கும் கீல்

பத்தாண்டு பழகிய அலமாரிகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். பலகை பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். தொங்கி நிற்பது கதவு. ஒரு கதவின் மூலை மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். மூடும்போது அடிப்பலகையில் உரசும். சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழும். மரத்துக்கும் மெருகுக்கும் தாராளமாகச் செலவிட்டவர்கள் கீலிலும் கைப்பிடியிலும் சிக்கனம் பார்த்ததன் விளைவு இது. அறைகலனில் ஓயாது அசையும் உறுப்புகள் கதவும் இழுப்பறையுமே. நாளொன்றுக்கு இருபது முறை திறக்கப்படும் சமையலறைக் கதவு பத்தாண்டுகளில் எழுபதாயிரம் முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் அதன் எடையைச் சுமப்பவை இரண்டு மூன்று சிறிய உலோகத் துண்டுகளே.

இவ்வுறுப்புகளின் பெயர்களே ஒரு வரலாறு. தாழ் என்பது பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்திலேயே அது இடம்பெறுகிறது. அலமாரியும் சாவியும் போர்த்துகீசியர் வழியே தமிழுக்கு வந்தவை. பீரோ பிரெஞ்சுச் சொல். வழக்கறிஞராக இருந்து தொழில்முனைவராக மாறிய அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1923இல் எஃகு அலமாரிகள் செய்யத் தலைப்பட்டது. இன்று உத்தரப் பிரதேசத்தின் அலிகார் பூட்டுக்கும், குஜராத்தின் ஜாம்நகர் பித்தளை உறுப்புகளுக்கும் பெயர்பெற்றவை. தமிழகத்தின் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

கீலைத் தேர்ந்தெடுத்தல்

கீல் வாங்குவதற்கு முன் அறியவேண்டியது கதவு எங்கே அமரப்போகிறது என்பதாகும். கதவு அலமாரியின் பக்கப் பலகையின் விளிம்பு முழுவதையும் மூடி நிற்கலாம். நடுப்பலகை ஒன்றின் இருபுறமும் இரு கதவுகள் கீல் பெறும்போது, ஒவ்வொன்றும் அவ்விளிம்பில் பாதியை மட்டுமே மூட இயலும். பழைய தேக்கு அலமாரிகளில் உள்ளதுபோலக் கதவு சட்டத்துக்கு உள்ளேயே அமர்ந்து, விளிம்போடு ஒரே மட்டமாக நிற்பதும் உண்டு. இம்மூன்றுக்கும் கீலின் கை வெவ்வேறு அளவில் வளைந்திருக்கும். கடைகளில் இவற்றை 0, 8, 16 போன்ற எண்களால் குறிப்பதும் உண்டு. முழு மூடலுக்கு நேரான கை, பாதி மூடலுக்குச் சிறு வளைவு, உள்ளமர்வுக்குப் பெரு வளைவு. இதை அறியாமல் வாங்கிய கீல் எத்துணை உயர்ந்ததாயினும் பயன்படாது. கதவு ஒன்றோடொன்று முட்டும், அல்லது விளிம்பு வெளியே தெரியும்.

வெளியே தெரியாமல் கதவின் உட்புறம் பதியும் இக்கீலைத் தச்சர்கள் ஆட்டோ கீல் என்பர். கதவு மூடும் தறுவாயில் உள்ளிருக்கும் வில் அதைத் தானே இழுத்துக்கொள்வதால் இப்பெயர் அமைந்தது. இதன் கிண்ணம் போன்ற பகுதி பதிவதற்குக் கதவில் 35 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள குழி வெட்டப்படுகிறது. எனவே 16 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள கதவில் இதைப் பொருத்துவது இடர். குழிக்கு எஞ்சும் பலகை மிக மெல்லியதாகிவிடும். மெல்லிய கதவுக்கும், கனமான திண்மரக் கதவுக்கும், இரு இதழ்களும் நடுவே ஓர் ஊசியும் கொண்ட பழைய கீலே ஏற்றது. அது எளிமையானது, பழுதானால் எந்தச் சிற்றூரிலும் மாற்றுக் கிடைக்கும். ஆனால் பொருத்தியபின் அதை நகர்த்த இயலாது. ஆட்டோ கீலிலோ திருப்புளி ஒன்றே போதும். கதவை இடவலமாகவும், மேல்கீழாகவும், முன்பின்னாகவும் ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். தொங்கிய கதவுகளுள் பல, கீலின் இத்திருகாணிகளைச் சற்றே திருப்பினாலே நேராகிவிடுபவை. அதை அறியாமல் புதுக்கீல் வாங்குவோர் பலர்.

எத்தனை கீல் வேண்டும் என்பது உயரத்தையும் எடையையும் பொறுத்தது. 90 சென்டிமீட்டர் உயரம் வரை இரண்டு, 160 வரை மூன்று, 200 வரை நான்கு, அதற்கும் மேல் ஐந்து என்பது பொதுவான கணக்கு. 210 சென்டிமீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட ஒட்டுப்பலகைக் கதவு ஏறத்தாழ 11 கிலோ எடையிருக்கும். அதில் ஆளுயரக் கண்ணாடி ஒட்டினால் எடை இன்னும் கூடும். கண்ணாடியைப் பின்னர் ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், அதற்குரிய கீலை முன்னரே சேர்த்துவிடுதல் நலம்.

உயரத்தைவிட அகலமே கீலுக்குப் பெரும் பகை. இது இயற்பியல் பாடத்தில் வரும் திருப்புத்திறன் கணக்குதான். 80 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கதவின் எடை 6 கிலோ எனக் கொள்வோம். எடையின் மையம் கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர். அப்படியாயின் மேல் கீலைப் பக்கவாட்டில் பிடுங்கும் விசை 6 × 30 ÷ 60, அதாவது 3 கிலோ எடைக்குச் சமம். அகலத்தை 45 சென்டிமீட்டராகக் குறைத்தால் கதவின் எடை 4.5 கிலோவாகும், மையத்தின் தொலைவு 22.5 சென்டிமீட்டராகும், விசையோ ஏறத்தாழ 1.7 கிலோவுக்கு இறங்கிவிடும். அகலத்தில் கால் பங்கு குறைய, பிடுங்கும் விசை பாதியை நெருங்கிக் குறைகிறது. எடையும் தொலைவும் சேர்ந்தே குறைவதுதான் காரணம். அகன்ற ஒற்றைக் கதவைவிட ஒடுக்கமான இரட்டைக் கதவு நெடுநாள் உழைப்பதும், கீல்களைக் கதவின் மேல் கீழ் முனைகளை ஒட்டித் தள்ளிப் பொருத்துவதும் இதனால்தான்.

கீல் வலுவாக இருந்தும் அது பற்றியுள்ள பலகை வலுவற்றிருக்கலாம். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையில் திருகாணியை ஒருமுறை கழற்றி மாட்டினாலே துளை தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் இதை நன்கறியும். கலைத்துக் கட்டிய ஒவ்வொரு முறையும் கதவு சற்றே தளரும். தளர்ந்த துளையில் மரமுளை ஒன்றைப் பசையிட்டு அடித்து, காய்ந்தபின் அதில் திருகாணி செலுத்துவது தச்சர்களின் பழைய வைத்தியம். நீளமான திருகாணியைத் தேடுவதைவிட அது மேலானது. நீளம் மிகுந்தால் முனை மறுபுறம் வெளிவந்து கையைக் கீறும்.

ஊரும் உலோகமும்

இந்தியா முழுவதற்கும் ஒரே உலோகத்தைப் பரிந்துரைக்க இயலாது. துத்தநாகப் பூச்சுள்ள எஃகுக் கீல் ஜெய்ப்பூரின் வறண்ட அறையில் பல்லாண்டு பளபளக்கும். அதே கீல் பூரியிலோ விசாகப்பட்டினத்திலோ கடற்காற்று புகும் வீட்டில் விரைவில் துருவேறும். ஆனால் கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அடுக்கறை எந்த ஊரிலும் கடற்கரைதான். அங்கே துருப்பிடிக்காத எஃகே தகும்.

துருப்பிடிக்காத எஃகிலும் தரம் உண்டு. 304 என்னும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 202 என்னும் மலிவான வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பர். ஈரத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. காந்தம் ஒட்டவில்லை ஆதலால் இது 304 என்று கடைக்காரர் காட்டினால் அதை நம்பிவிடலாகாது. 202 வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. பொருளின் மீதோ உறையின் மீதோ தர எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே வழி. கடலை ஒட்டிய வீடுகளுக்கு மாலிப்டினம் கலந்த 316 வகை இன்னும் சிறந்தது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

பித்தளைக் கீலைப் பித்தளைத் திருகாணியால் பொருத்துவதே முறை. எஃகுத் திருகாணியிட்டால், ஈரத்தில் இரு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போலாகி எஃகை அரித்துவிடும். ஆயினும் பித்தளைத் திருகாணி மென்மையானது; கடின மரத்தில் திருகும்போது தலை முறிந்துவிடும். அதனால் கைதேர்ந்த தச்சர் முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியைச் செலுத்திப் புரியிட்டு, பின்னர் அதைக் கழற்றிப் பித்தளையை இடுவார்.

பருவமும் கருதத்தக்கது. வட இந்தியாவில் மே மாத வறட்சியில் இழைத்துப் பொருத்திய திண்மரக் கதவு, ஆகஸ்டு மாத ஈரத்தில் உப்பித் திறக்க மறுக்கும். சட்டத்துக்குள் அமரும் கதவுக்கு நாற்புறமும் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுவது இதற்காகவே.

கையும் கைப்பிடியும்

கைப்பிடியை அழகுக்கென மட்டும் தேர்ந்தெடுப்பது பெரும்பாலோர் வழக்கம். வீட்டில் மூட்டுவலியுள்ள பாட்டி ஒருவர் இருப்பின் சிறிய உருண்டைக் குமிழ் அவருக்குத் தண்டனையாகும். அதை விரல் நுனிகளால் இறுகப் பற்றவேண்டும். வளைவான நீள்கைப்பிடியில் நான்கு விரல்களையும் கோத்து இழுத்துவிடலாம். கடையிலேயே செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. விரல்களை மடக்கிய கைமுட்டியால் கதவைத் திறக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். முடிந்தால் அது முதியவருக்கும், மாவுக் கையோடு சமைப்பவருக்கும், கட்டுப்போட்ட கைக்கும் பொருந்தும். கைப்பிடியின் துளைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 96, 128, 160 மில்லிமீட்டர் என 32இன் மடங்குகளில் அமைவதால், பழையதை மாற்றும்போது அளந்து சென்றால் புதுத்துளை இடவேண்டியிராது.

கதவை மூடி நிறுத்தும் பிடிப்பில் உயிரே அடங்கியுள்ளது. கண்ணாமூச்சி ஆடும் குழந்தை அலமாரிக்குள் ஒளியும்; வெளியே கொண்டி தானே விழுந்துவிட்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை. கொண்டியால் பூட்டிக்கொள்ளும் பழைய குளிர்பெட்டிகளுக்குள் குழந்தைகள் சிக்கி மாண்டதனால், உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறக்கவேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் இயற்றியது. இன்று உலகெங்கும் குளிர்பெட்டிக் கதவுகளைக் காந்தப் பட்டைகள் பிடித்திருக்கின்றன. வீட்டு அலமாரிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். குழந்தை புகத்தக்க அறைகளுக்குக் காந்தப் பிடிப்போ உருளைப் பிடிப்போ போதும். தானே விழும் கொண்டியும் வெளித் தாழ்ப்பாளும் ஆகா. மருந்து, பினாயில், அந்துருண்டை வைக்கும் அறைக்கு இதற்கு நேர்மாறாக, உயரத்தில் அமைந்த உறுதியான பூட்டு வேண்டும்.

சமையல் எரிவாயு உருளை நிற்கும் அறை தனி வகை. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். ஆகவே அவ்வறைக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக்குவரத்துக்கான திறப்புகள் இருத்தல் வேண்டும். கதவைப் பூட்டி வைத்தலாகாது; நொடியில் திறந்து உருளையின் வால்வை மூட வழியிருக்கவேண்டும். அலங்காரக் கதவால் அதை இறுக அடைத்துவிடும் புதுவழக்கம் அச்சத்துக்குரியது.

மெல்லத் தானே மூடும் கீல்கள் இப்போது பரவலாகியுள்ளன. குழந்தைகளின் விரல் நசுங்காமல் அவை காக்கின்றன. கண்ணாடிக் கதவுக்கும் நன்று. ஆண்டுக்கிருமுறை திறக்கும் பரண் கதவுக்கு அச்செலவு தேவையற்றது. அத்தொகையை அன்றாடம் திறக்கும் கதவுக்குத் திருப்புவது அறிவுடைமை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இவ்வுறுப்புகளுக்கும் தரங்களை வகுத்துள்ளது. எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341, பித்தளை முதலிய உலோகக் கீலுக்கு ஐ.எஸ். 205, தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204, அலமாரி மற்றும் இழுப்பறைப் பூட்டுக்கு ஐ.எஸ். 729. உறையில் இவ்வெண்ணும் அமைவனத்தின் முத்திரையும் உள்ளனவா எனப் பார்த்தபின், கீலைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். ஊசி ஆடாமலும், இதழ்கள் உரசாமலும், திருகாணித் துளையின் விளிம்பு பிசிறில்லாமலும் இருப்பின் வாங்கலாம்.

பயிற்சி

1. ஒரு கதவின் அகலம் 50 செ.மீ., எடை 6 கிலோ, கீல்களுக்கு இடைவெளி 75 செ.மீ. மேல் கீலைப் பிடுங்கும் விசையைக் கணக்கிடுக.

2. பித்தளைக் கீலுக்கு எஃகுத் திருகாணி ஏன் பொருந்தாது? தச்சர் அதை முதலில் செலுத்துவது எதற்காக?

3. உங்கள் வீட்டு அலமாரி ஒன்றின் கதவு, கீல், கைப்பிடி, பிடிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து, அது முதியவருக்கும் குழந்தைக்கும் ஏற்றதா எனப் பத்து வரிகளில் எழுதுக.