ஆரம்ப சுகாதார நிலையம்: நோயாளி எதை எதிர்பார்க்கலாம்?

யாருக்காக

சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் உண்டு. அங்கே கிராம சுகாதார செவிலியர் பணியில் இருப்பார். 1946-இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. காய்ச்சல், காயம், பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என ஒரு குடும்பத்துக்கு வரும் மருத்துவத் தேவைகளில் பெரும்பாலானவற்றை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இங்கு ஓ.பி. சீட்டு, மருந்து, பரிசோதனை எதற்கும் கட்டணம் கிடையாது.

மருத்துவர் அறையில்

என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்க வேண்டும். தொட்டுப் பார்த்து, தேவையானால் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, என்ன நோய் என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். பெண்களைப் பரிசோதிக்கும்போது மறைப்பும், உடன் ஒரு பெண் ஊழியரும் இருக்க வேண்டும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இவற்றை விட்டுக்கொடுக்க முடியாது.

ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று பலர் குறைபடுகிறார்கள். சாதாரண சளியும் அதோடு வரும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது; ஊசி போட்டாலும் சீக்கிரம் குணமாகாது. நன்றாகப் பரிசோதித்துவிட்டு ஊசி வேண்டாம் என்று சொல்பவரே நல்ல மருத்துவர்.

பிரஷர் பார்ப்பது

அவசரத்தில் பெரும்பாலும் தவறாகச் செய்யப்படுவது இதுதான். வெயிலில் நடந்து வந்தவரை நிற்கவைத்தே பிரஷர் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகே பார்க்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிந்து, கை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. பார்க்கும்போது பேசவும் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி எதுவும் ஆகாது. ஒருநாள் 140/90-ஐத் தாண்டியதை மட்டும் வைத்து ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதிவிடுவதில்லை. வேறு நாளிலும் பார்த்து உறுதிசெய்வதே முறை. மிக அதிகமாக இருந்தால் மட்டும் உடனே சிகிச்சை தொடங்கும்.

மாத்திரை தொடர்ந்து கிடைக்க

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மாத்திரையின் பெயர், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மருந்தாளுநர் சொல்லித் தர வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறது என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. பிரஷர், சர்க்கரை அளவுகளையும், சர்க்கரை நோயாளிக்குக் கண்ணையும் பாதத்தையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

கடி பட்டால்

நாய் கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வர வேண்டும். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடப்படும். கடைசி ஊசியைத் தவறவிடுவோர் உண்டு, அது ஆபத்து. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், ரேபிஸுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அது இல்லாவிட்டால், முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் உதவாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அழைத்து வர வேண்டும். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று பொருள். நாகம், கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல் உறையும். அதனால் கண்ணிமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்பதையும் கவனிப்பார்கள்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. என்ன நோய் என்று கருதுகிறார்கள், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய பரிந்துரைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். நிலைமை மோசமென்றால் 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை முதலுதவி தர வேண்டும்.

எங்கே சிகிச்சை பெற்றாலும், நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும விதிகள். மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.