கேக் போர்டுக்குப் பேப்பர் சுத்தறதுக்கு முன்னாடி

இன்னைக்கு டெக் கிடையாது. கேக்கும் கிடையாது. கேக்குக்குக் கீழ இருக்கிற அட்டையைப் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

பெரம்பலூர்ல என் பெரியம்மா பொண்ணு வீட்டுலயே கேக் செஞ்சு விக்கிறாங்க. போன மே மாசம் அரியலூர்ல ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு 2 கிலோ க்ரீம் கேக் ஆர்டர். ஊருக்கு வந்திருந்த நானும் டெலிவரிக்குக் கூடப் போனேன். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனா முன்னாடி சிமெண்ட் லாரி வரிசையா போனா அந்த 30 எவ்வளவு நீளும்னு அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். போய் பாக்ஸைத் திறந்தா, கேக்கோட அடி ஓரம் முழுக்க ரோஸ் கலர். போர்டுல சுத்தியிருந்த சிவப்பு கிஃப்ட் பேப்பரோட சாயம் வெள்ளை க்ரீமுக்குள்ள ஏறியிருக்கு. நடுவுல ஒரு விரிசல் வேற. குழந்தையோட அம்மா கோபப்படல. "இத குழந்தைக்குக் குடுக்கலாங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அக்காகிட்ட பதில் இல்ல. காசைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தோம். வழியெல்லாம் அக்கா பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்து டீபக் பண்ண உக்காந்தோம். ரெண்டு பக். ரெண்டுமே கேக்குல இல்ல, போர்டுல.

முதல்ல விரிசல். அது சுலபம். 1 கிலோ கேக்குக்குப் போடற மெல்லிசு அட்டையில 2 கிலோவை ஏத்தியிருந்தாங்க. தூக்கும்போது அட்டை வளையும், அதோட மேல இருக்கிற க்ரீமும் பிளக்கும். கனமான கேக்குக்கு எம்டிஎஃப் பலகையோ, 12 மில்லிமீட்டர் தடியான டிரம் போர்டோ வேணும். அளவும் முக்கியம். 8 இஞ்ச் கேக்குக்குக் குறைஞ்சது 10 இஞ்ச் போர்டு. அப்பதான் சுத்தி 1 இஞ்ச் விளிம்பு கிடைக்கும், விரல் கேக்குல படாம தூக்கலாம்.

சாயம்தான் பெரிய விஷயம். நாம போர்டை அலங்காரம்னு நினைக்கிறோம். ஆனா அது சாப்பாடு தொடற தட்டு. க்ரீம்ல எண்ணெய் இருக்கு, ஈரம் இருக்கு, கூடவே மே மாசச் சூடு. மூணும் சேர்ந்தா கிஃப்ட் பேப்பர் மையைக் கரைச்சு மேல இழுத்துடும். அந்த மை வாய்க்குள்ள போகும்னு நினைச்சு யாரும் அதைத் தயாரிக்கல. பஜ்ஜியை நியூஸ்பேப்பர்ல மடிச்சுக் குடுக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 பேக்கேஜிங் விதிகள்லயே சொல்லிருக்கு, 2023 செப்டம்பர்ல மறுபடியும் எச்சரிச்சது. காரணம் அச்சு மை. பஜ்ஜிக்குக் கூடாதது கேக்குக்கு மட்டும் எப்படி ஆகும்?

மினுமினுப்பு இன்னும் மோசம். 2018ல அமெரிக்காவுல ரோட் ஐலண்டுல ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு உடம்பு முடியாம போச்சு. கேக்குல பூசியிருந்த லஸ்டர் டஸ்ட்ல செம்பு ஏராளமா இருந்திருக்கு. 2021ல சிடிசி இதை வெளியிட்டப்போ சொன்ன ஒரு விஷயத்தை அக்காகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்: டப்பாவுல 'நான்-டாக்சிக்'னு போட்டிருந்தா அது சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல. 'எடிபிள்'னு எழுதி, உள்ள என்னென்ன இருக்குன்னும் போட்டிருக்கணும். உதிர்ற கிளிட்டர் பேப்பருக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

அப்போ அழகான பேப்பரே கூடாதா? ஆகும். நடுவுல ஒரு லேயர் வேணும், அவ்வளவுதான். கேக்கு எந்த அளவோ அதே அளவுல ஒரு மெல்லிசு கேக் பேஸ், உணவு படலாம்னு சொல்லி விக்கிற தங்கக் கலர் அட்டை. கேக்கை அதுலயே செஞ்சு முடிங்க. அப்புறம் அந்த பேஸை டபுள் சைடு டேப் போட்டு அலங்கார போர்டு மேல ஒட்டுங்க. கேக்கு பேப்பரைத் தொடவே தொடாது. போர்டு விளிம்புல க்ரீம் பூ வைக்கணும்னா மட்டும் இது உதவாது. அதுக்கு கேக் போர்டுக்குன்னே வர்ற ஃபாயில்தான் சரி. கிச்சன் அலுமினிய ஃபாயில் வேண்டாம், கத்தி பட்டதும் கிழியும்.

சுத்தற விதம்: 10 இஞ்ச் போர்டுக்கு 13 இஞ்ச் வட்டமா பேப்பரை வெட்டுங்க. போர்டை நடுவுல கவுத்து வெச்சு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பேப்பர்ல 1 இஞ்சுக்கு ஒரு வெட்டு. வெட்டு போர்டு வரைக்கும் போகக் கூடாது, ஒரு விரல் அகலம் முன்னாடியே நிறுத்தணும். இல்லைன்னா பக்கவாட்டுல பல் பல்லா தெரியும். அப்புறம் எதிரெதிர் பக்கமா இழுத்து மடிச்சு ஒட்டணும். கட்டில் கயிறு இழுக்கற மாதிரி டென்ஷன் சமமா இருக்கும். தண்ணி கலந்த பசை பேப்பரைச் சுருக்கும், க்ளூ ஸ்டிக் போதும். அடியில ஒரு வட்ட அட்டை ஒட்டி மூடிடுங்க. எம்டிஎஃப் ஈரத்தைக் குடிச்சா ஊதிடும், ஃப்ரிட்ஜ்ல வைக்கிறவங்க இதை விடவே கூடாது. ஓரத்துக்கு 15 மில்லிமீட்டர் ரிப்பன், அதையும் டேப்லதான் ஒட்டணும். குண்டூசி குத்தறதைப் பாத்திருக்கேன். பிறந்தநாள் கேக்குல குண்டூசியா, சாமி!

போர்டையே ஃபாண்டன்ட்ல மூடறதுதான் பாக்கறதுக்கு அழகு. 3 மில்லிமீட்டருக்குத் தேய்ச்சு, போர்டுல லேசா தண்ணி தடவி ஒட்டி, ஒரு நாளாவது காய விடணும். காஞ்சா தட்டு மாதிரி கெட்டியாகும். சிக்கல் என்னன்னா, சர்க்கரை காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்த உடனே வேர்த்து ஒட்டிக்கும்.

ரெண்டு அட்டை, ஃபாயில், ரிப்பன்னு செலவு கூடுது. 2 கிலோ கேக்குக்கு அக்கா 60 ரூபாய் ஏத்தியிருக்காங்க. போன வாரம் ஒருத்தர் எதுக்கு 60ன்னு கேட்டாராம். போனை எடுத்து அந்த ரோஸ் கலர் கேக் போட்டோவைக் காட்டினாங்களாம். அழிக்காம வெச்சிருக்காங்க.

வெயில் காலத்துல ஃபாண்டன்ட் போர்டை ஒட்டாம எப்படிக் காய வைக்கிறீங்கன்னு தெரிஞ்சவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க. அது மட்டும் அக்காவுக்கு இன்னும் சரியா வரல.