கேள்வியோடு வரும் குழந்தை

பாடத்தை வீட்டில் அறிந்துவந்து, பயிற்சியை வகுப்பில் செய்வது தலைகீழ் வகுப்பறை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் பாடங்களைக் காணொலியாகப் பதிவு செய்ததிலிருந்து இம்முறை பரவியது. நம் பாடநூல்களிலும் கியூஆர் குறியீடுகள் உள்ளன.

காரமடையில் ஏழாம் வகுப்புக்குச் 'சதவீதம்' நடத்தும் முன், காணொலியைப் பார்த்துவரச் சொன்னேன். பாதிப்பேர் பார்க்கவில்லை. ஆர்வமில்லை என்று கடிந்துகொண்டேன். "போன் அப்பாகிட்டதானுங்க மிஸ் இருக்குது. மில்லுல இருந்து வர பத்து மணி ஆயிருமுங்க" என்றாள் ஒரு மாணவி. தவறு என்னுடையது.

அடுத்தமுறை ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தனுப்பினேன்: "கறிவேப்பிலை, வாழைத்தார் விற்றால் மண்டியில் எவ்வளவு கமிஷன் பிடிப்பார்கள்? தோட்டம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள்."

மறுநாள் அதே மாணவிதான் முதலில் கை தூக்கினாள். "ஆயிரத்துக்கு நூறுங்க." இன்னொருவன், "ஐந்நூறுக்கு நாற்பதுங்க" என்றான். எது அதிகம்? இரண்டையும் நூற்றுக்கு மாற்றினால்தான் ஒப்பிட முடியும் என்பதைக் குழுக்களாகப் பேசி அவர்களே கண்டார்கள்: 10 சதவீதம், 8 சதவீதம். நான் தடுமாறியவர்கள் அருகில் உட்கார்ந்தேன். காணொலியை அதன்பின் வகுப்பிலேயே பார்த்தோம்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லோராலும் செய்யக்கூடிய பகுதி. கடினமான பகுதியில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த இடமாற்றம்தான் தலைகீழ் வகுப்பறை. கைபேசி அதற்கு ஒரு கருவி மட்டுமே. தன் வீட்டுச் செய்தி பாடமாவதைக் காணும் குழந்தைக்கு ஆர்வத்தை நாம் தனியே ஊட்ட வேண்டியதில்லை.