பிரவுனெல் வரைந்த கொடி

ஃபிரெடெரிக் பிரவுனெல் என்ற பெயரை நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் கைவேலையை மட்டும் கிரிக்கெட் பார்க்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் இன்றைய தேசியக் கொடி அவர் வரைந்தது.

1940-இல் பெத்லகேமில் பிறந்தவர். ஏசுநாதர் பிறந்த ஊர் அல்ல, தென்னாப்பிரிக்காவில் உள்ள பெத்லகேம். பிரிட்டோரியாவில் அரசுக்குச் சின்னவியல் பணியகம் என்று ஒரு சிறிய அலுவலகம் உண்டு. நகராட்சியோ, பள்ளிக்கூடமோ, ராணுவப் பிரிவோ, தனி மனிதரோ, கேடய வடிவில் ஒரு சின்னம் வரைந்து அங்கே பதிவு செய்துகொள்ளலாம். 1962-இல் போட்ட சட்டத்தின்படி வந்த அலுவலகம் இது. 1982 முதல் 2002 வரை அதன் தலைமை அதிகாரி பிரவுனெல். ஊர்ச் சின்னத்தில் சிங்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது போன்ற கேள்விகளோடு ஓடும் வேலை. ஆட்சி மாறும் நாளில் அந்த அலுவலகத்துக்கு என்ன வேலை இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சின்னவியலில் ஒரே ஒரு விதியை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மீதிக் கதை விளங்கிவிடும். போர்க்களத்தில் தலைக்கவசம் போட்டவன் யார் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கேடயத்தில் தீட்டிய நிறம்தான் அடையாளம். அதனால் ஐரோப்பாவில் நிறங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்ற உலோகக் கணக்கு. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிறக் கணக்கு. உலோகத்தின் மேல் உலோகம் வைக்காதே, நிறத்தின் மேல் நிறம் வைக்காதே. நீலத்தின் மேல் பச்சையை வைத்தால் நூறடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அப்படியும் இரண்டு அடர் நிறங்களைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடோ மஞ்சள் கோடோ ஓட்ட வேண்டும். பட்டுப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் நடுவே ஜரிகைக் கம்பி ஓடுகிறதே, அதே வேலைதான்.

இனி 1994-க்கு வருவோம். ஏப்ரல் 27-இல் எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தல். அன்றைக்குப் பழைய கொடியை ஏற்ற முடியாது. 1928 முதல் பறந்த அந்த ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடியின் நடுவில் பிரிட்டிஷ் கொடியும், டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களின் இரண்டு பழைய குடியரசுகளின் கொடிகளும் குட்டியாக உட்கார்ந்திருக்கும். கறுப்பின மக்களுக்கு அதில் இடமே இல்லை. பொதுமக்களிடம் வடிவம் கேட்டதில் ஏழாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. ஒன்றும் தேறவில்லை. வடிவமைப்பு நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு பிரவுனெலுக்குத் தொலைபேசி வந்தது: ஒரு வாரத்தில் கொடி வேண்டும்.

அவர் வெறுங்கையோடு இல்லை. முந்தைய ஆண்டு சூரிச் நகரில் நடந்த கொடி ஆய்வாளர்கள் மாநாட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு படம் கிறுக்கி வைத்திருந்தார். இரண்டு பாதைகள் வந்து சேர்ந்து ஒன்றாகப் போகிற மாதிரி, படுக்க வைத்த ‘ஒய்’ எழுத்து. சின்னவியலில் பழைய வடிவம்தான் அது. பாதிரிமார் தோளில் அணியும் பட்டையிலிருந்து வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முயலாமல், இருந்த சரக்கிலிருந்து சரியானதை எடுத்தாரே, அங்கேதான் அவருடைய திறமை இருக்கிறது என்பேன்.

கொடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உயரத்தைப் பதினைந்து பங்காகப் பிரித்தால் மேலே சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று, பச்சை மூன்று, வெள்ளை ஒன்று, கீழே நீலம் ஐந்து. கம்பத்தை ஒட்டிக் கறுப்பு முக்கோணம். பச்சையும் சிவப்பும் தொடாமல் வெள்ளை தடுக்கிறது, பச்சையும் நீலமும் அப்படியே. பச்சையும் கறுப்பும் தொடாமல் மஞ்சள் தடுக்கிறது. ஆறு நிறம் இருந்தும் கண்ணை உறுத்தாததற்குக் காரணம் அந்தப் பழைய விதி. கறுப்பு, பச்சை, மஞ்சள் கறுப்பின மக்களின் தலைவர் மண்டேலாவின் கட்சிக் கொடியில் இருப்பவை. சிவப்பு, வெள்ளை, நீலம் பிரிட்டிஷ், போயர் கொடிகளில் இருப்பவை. பிரிட்டிஷ் சிவப்புக்கும் டச்சு ஆரஞ்சுக்கும் சண்டை வரக்கூடாதென்று நடுவாக ஒரு மிளகாய்ச் சிவப்பு. ஆனால் இன்ன நிறத்துக்கு இன்ன பொருள் என்று அரசு எதையும் அறிவிக்கவில்லை. புத்திசாலித்தனம்தான். அறிவித்திருந்தால் அதற்கு வேறு சண்டை வந்திருக்கும்.

மண்டேலா அப்போது ரஸ்டன்பர்க்கில் இருந்தார். படத்தை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸில் வருவது கறுப்பு வெள்ளைதானே? அங்கே இருந்த ஒருவர் கடைக்கு ஓடி வண்ணப் பென்சில் வாங்கி வந்து நிறம் தீட்டிக் காட்டிய பிறகுதான் அவர் சம்மதம் சொன்னார். மார்ச் 15-இல் ஒப்புதல் கிடைத்தது.

முதலில் யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆண்கள் உள்ளாடையைப் போல இருக்கிறது என்றுகூடக் கேலி செய்தார்கள். தற்காலிகக் கொடி என்றுதான் பேச்சு. மறு ஆண்டு ரக்பி உலகக் கோப்பையை வென்றபோது கறுப்பரும் வெள்ளையரும் அதையே தூக்கிக்கொண்டு ஆடினார்கள். 1996 அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில், அளவுகள் சகிதம், அது நிரந்தரமாகிவிட்டது.

நமீபியக் கொடியிலும் பிரவுனெலின் பங்கு உண்டு என்பார்கள். அதில் உரிமைத் தகராறு இன்னும் ஓயவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, எழுபது வயதைத் தாண்டி, தான் வரைந்த கொடியைப் பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். 2019 மே மாதம் காலமானார்.

உங்கள் ஊரில் பன்னாட்டு ஆட்டம் ஏதாவது நடந்து, அந்தக் கொடியைக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: சிவப்பு மேலே, நீலம் கீழே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் கறுப்பு முக்கோணம் மேலே, சிவப்பு பார்ப்பவருக்கு இடப்பக்கம்.