புது லேப்டாப் ஏன் கசக்கிறது?

ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுத்து, அதுவும் பலர் மாதத் தவணையில் வாங்கிய லேப்டாப். பெட்டியைப் பிரித்த அன்று மாலையே முகம் வாடத் தொடங்கிவிடுகிறது. அடிப்பக்கம் சுடுகிறது. ஃபேன் இரைகிறது. 512 ஜிபி என்று வாங்கிய ஸ்டோரேஜ் 476 என்று காட்டுகிறது. பத்து மணி நேரம் தாங்கும் என்ற பேட்டரி ஐந்து மணி நேரத்தில் சார்ஜர் கேட்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு அந்தக் கருவியில் நல்லது எதுவும் கண்ணில் படாது. வீட்டில் யாராவது "இருக்கிறதை வச்சு திருப்திப்படணும்" என்று புத்தி சொன்னால் எரிச்சல்தான் கூடும்.

அந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஏமாற்றத்துக்கு நம் மூளையில் ஒரு காரணம் இருக்கிறது, கடையில் ஒரு காரணம் இருக்கிறது, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களில் ஒரு காரணம் இருக்கிறது. சில நேரம் கருவியிலேயே பழுதும் இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான், மாற்றி வாங்கியிருக்க வேண்டிய லேப்டாப்பைச் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்காகச் சிலர் மாதக்கணக்கில் புழுங்குகிறார்கள்.

மூளையிலிருந்து தொடங்குவோம். நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் எப்படித் துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை வேகமாகத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்கின் பக்கம் நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, சரியாக அது வந்திருக்க வேண்டிய கணத்தில், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மாண்டேகும் 1997-இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். கிடைத்தது எவ்வளவு என்பதை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே இந்த நரம்பணுக்கள் கணக்கிடுகின்றன.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து லேப்டாப்புக்கு வருவது பெரிய தாவல்தான். ஆனால் இடையில் ஒரு பாலம் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ராப் ரட்லெஜ் குழுவினர் பந்தய விளையாட்டு ஒன்றை வைத்து, 'இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்' என்று அவ்வப்போது கேட்டார்கள். முதலில் ஆய்வுக்கூடத்தில், பிறகு செல்போன் செயலி வழியாக 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம். 2014-இல் வெளியான முடிவு இதுதான்: அந்தந்தக் கணத்தின் மகிழ்ச்சியைத் தீர்மானித்தது மொத்தம் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதல்ல, நினைத்ததைவிட நன்றாகப் போகிறதா என்பதே.

லேப்டாப் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? மூன்று வாரம் யூடியூபில் விமர்சனங்கள் பார்க்கிறார். விலை இறங்குமா என்று காத்திருக்கிறார். ஆர்டர் போட்டபின் பார்சல் எந்த ஊரைத் தாண்டியது என்று மணிக்கு ஒருமுறை பார்க்கிறார். விளக்கு எரியும் நேரம் அதுதான். சந்தோஷத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. விமர்சனம் ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறுகிறது. பெட்டி வரும்போது, நல்ல லேப்டாப்பே ஆனாலும், அந்த உயரத்தை எட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது.

அடுத்தது கடை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஷீ 1996-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை, லேப்டாப் வாங்கப் போகிற எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய புத்தகக் கடையில் இரண்டு இசை அகராதிகள். ஒன்றில் 10,000 சொற்கள், புத்தம் புதியது போல இருக்கிறது. இன்னொன்றில் 20,000 சொற்கள், ஆனால் அட்டை கிழிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் 20,000 சொல் அகராதிக்கே அதிக விலை தருவதாகச் சொன்னார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்தவர்களிடம் முடிவு தலைகீழானது: புதிதாக இருந்த 10,000 சொல் அகராதிக்குத்தான் அதிக விலை. தனியாகப் பார்க்கும்போது 20,000 அதிகமா குறைவா என்று சொல்ல வழியில்லை. அட்டை கிழிந்திருப்பது மட்டும் யாருக்கும் தெரியும்.

சென்னை ரிச்சி தெருவில் நின்றாலும் சரி, ஆன்லைனில் நான்கு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் சரி, ஒப்பிடும்போது ஜெயிப்பது எண்கள்தான். எட்டு கோரா, பத்து கோரா, ரேம் எவ்வளவு, எத்தனை கிகாஹெர்ட்ஸ். வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் வேறு லேப்டாப் இல்லை. கோர் எண்ணிக்கை விரலுக்குத் தெரியாது. கீபோர்டு அமுங்குவது தெரியும். ட்ராக்பேட் ஓரத்தில் டக்கென்று தளர்ந்து ஒலிப்பது தெரியும். திரையின் நிறம் தெரியும். நம்மில் பலர் எண்ணை வைத்து வாங்கிவிட்டு, எண்ணில் வராதவற்றோடு ஐந்து வருடம் குடும்பம் நடத்துகிறோம். இந்த ஏமாற்றத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

வேகத்திலும் இதே கதை. கணினி பதிலளிக்க எடுக்கும் நேரம் 0.1 விநாடிக்குள் இருந்தால் மனிதருக்கு அது உடனடியாக நடந்ததாகவே படும் என்று ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதினார். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்குப் பூமிக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. தகவலைத் தேடி எடுக்கும் நேரம் நூறு மடங்கு அளவில் குறைந்த மாற்றம் அது. எஸ்எஸ்டியிலிருந்து இன்னொரு எஸ்எஸ்டிக்கு மாறுகிறவருக்கு அந்த அதிசயம் திரும்பக் கிடைக்காது. சோதனை மென்பொருள் இரண்டு மடங்கு வேகம் என்று காட்டலாம். வேர்டு ஃபைல் திறக்கும் நேரம் 0.1 விநாடியை நெருங்கிவிட்ட பிறகு, அது பாதியானாலும் கண்ணுக்குப் புலப்படாது.

இனி பெட்டியின் மேல் இருக்கும் எண்கள். பேட்டரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பாதிக் கோபம் தணியும். 50 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி பத்து மணி நேரம் ஓட வேண்டுமானால், லேப்டாப் மொத்தமாக மணிக்கு 5 வாட்-மணிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. விளம்பரத்துக்கான சோதனைகள் பலவற்றில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, டிஸ்க்கில் சேமித்த வீடியோ ஒன்றையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். வீடியோவைப் பிரித்துக் காட்ட சிப்பில் தனிப் பகுதி இருப்பதால், புராசசரின் மற்ற பகுதிகள் ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். நாமோ ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, பிரவுசரில் இருபது டேப் திறந்து, நடுவே வீடியோ காலும் பேசுகிறோம். செலவு 10 வாட்டுக்கு ஏறுகிறது. ஐந்து மணி நேரம். பேட்டரியில் குறையில்லை, சோதித்த விதம் நம் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. நிறுவனங்கள் அந்தச் சோதனை நிலைமைகளைப் பொடி எழுத்தில் போடாமல் மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

476 ஜிபி விஷயம் இன்னும் எளிது. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. யாரும் எதையும் திருடவில்லை.

சிப்பின் பெயர்தான் ஆபத்தானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள லேப்டாப் நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது. மெல்லிய உடம்பில் வெப்பம் வெளியேற வழி குறைவு என்பதால் அங்கே வாட்டைக் குறைத்துவிடுவார்கள். ஒரே பெயர், இரண்டு லேப்டாப், இரண்டு வேகம். நண்பன் வைத்திருக்கும் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் நம்முடையதில் திக்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்கும் முன் கேட்க வேண்டியது வாட் எவ்வளவு என்பதை.

சரி, சூடும் இரைச்சலும்? கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த என் அக்கா மகள் புது லேப்டாப் வந்த மறுநாள் போன் செய்தாள். "மாமா, பழசைவிட ஸ்லோவா இருக்கு. சும்மா வச்சிருந்தாலே ஃபேன் கத்துது. திருப்பிக் குடுத்துடட்டா?" டாஸ்க் மேனேஜரைத் திறந்து படிக்கச் சொன்னேன். அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு தேடலுக்கான அட்டவணையை விண்டோஸ் தயாரித்துக்கொண்டிருந்தது, ஆன்ட்டிவைரஸ் முதல்முறையாக எல்லா ஃபைலையும் அலசிக்கொண்டிருந்தது, பழைய படங்கள் அத்தனையும் க்ளவுடிலிருந்து வந்துகொண்டிருந்தன. "சார்ஜர் போட்டு ராத்திரி பூரா ஓட விடும்மா. ரெண்டு நாள் கழிச்சு சொல்லு" என்றேன். இரைச்சல் அடங்கிவிட்டது. ஒரு லேப்டாப்பின் முதல் இரண்டு நாளை வைத்து அதை எடைபோடவே கூடாது.

ஆனால் அவளுடைய இரண்டாவது புகார் நியாயமானது. அரக்குப் பட்டுச் சேலை ஒன்றைப் படமெடுத்திருந்தாள். போனில் அரக்காகவே இருந்தது. லேப்டாப்பில் செங்கல் நிறம். விவரப் பட்டியலில் திரைக்கு '45 சதவீத என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தது. இணையத்தில் வழங்கும் பொதுவான நிற அளவான எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்ட அந்த எண் 72-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 45 என்றால் அடர்ந்த சிவப்பும் பச்சையும் வெளுக்கும். இது பழுதல்ல, சொன்னபடியே கொடுத்த மலிவான திரை. ஆனால் நிறத்தோடு வேலை செய்கிற மாணவிக்கு அது பொருந்தாது. திருப்பிக் கொடுக்கக் காலம் இருக்கும்போதே இதைச் சோதித்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

அந்தக் காலம் கடைக்குக் கடை மாறும். பல இடங்களில் பணம் திரும்ப வராது, மாற்றித் தருவது மட்டும்தான். ஆகவே பில்லோடு அந்த நிபந்தனையையும் முதல் நாளே படித்துவிடுவது நல்லது. திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி வைத்து இருட்டறையில் பார்க்க வேண்டும். ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். ஒன்றிரண்டு செத்திருந்தால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தில் ஏற்பதில்லை, ஐஎஸ்ஓ தரவிதிகளே குறிப்பிட்ட அளவு பழுதை அனுமதிக்கின்றன. எல்லா போர்ட்டிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள், ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள், கேமராவையும் மைக்கையும் ஒரு கால் பேசி உறுதிசெய்யுங்கள். விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழுது இருந்தால் வீடியோ எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். கடை தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சோதனை முடிந்து, வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு என்ன செய்வது? ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் மாணவர்களுக்குப் புகைப்படப் பயிற்சி கொடுத்து, தாங்களே அச்சிட்ட இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழு சில நாட்களுக்குள் மனம் மாறினால் படத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு குழுவுக்கு அந்த வாய்ப்பில்லை. 2002-இல் வெளிவந்த முடிவின்படி, மாற்ற முடியாதவர்களுக்கே தங்கள் படம் அதிகம் பிடித்திருந்தது. கதவு மூடிய பிறகுதான் கையில் இருப்பதன் நல்லதை மனம் தேட ஆரம்பிக்கிறது. ஆனால் எந்தப் பயிற்சியில் சேர விருப்பம் என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது மாற்றிக்கொள்ளலாம் என்ற குழுவைத்தான்.

வாங்கிய மாடலின் பெயரைத் தினமும் தேடுவதும், போனில் விலை எச்சரிக்கையை அணைக்காமல் வைத்திருப்பதும் அந்தக் கதவைத் திறந்தே வைக்கிற வேலைதான். திருப்பித் தரும் காலம் முடிகிற அன்றே அந்த எச்சரிக்கையை நீக்கிவிடுங்கள். அடுத்த மாதம் விலை இரண்டாயிரம் இறங்கும். இறங்கியது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.