அடையாள அட்டையின் இலக்கமும் கமக்காரரின் விரலும்

கமநல சேவை நிலையத்துக்குச் செல்லும் கமக்காரரிடம் தேசிய அடையாள அட்டை கேட்கப்படுவது வழக்கம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின்படி 1972 முதல் இவ்வட்டை வழங்கப்பட்டு வருகின்றது. 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கான பசளை மானியம், ஹெக்டேயர் ஒன்றுக்கு 25,000 ரூபா வீதம், வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. அத்தகைய பணம் உரியவரைச் சேர்வதற்குக் கமநலப் பதிவேடும் வங்கிப் புத்தகமும் அட்டையும் ஒரே ஆளையே சுட்டல் வேண்டும்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் உள. முதலிரண்டும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். எவ்வாண்டாயினும் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதே கணக்கு. எனவே 1962 மார்ச் 10ஆந் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 62070 எனவும், அன்று பிறந்த பெண்ணின் இலக்கம் 62570 எனவும் தொடங்கும். 2016 முதல் இலக்கங்கள் 12 ஆயின. பழைய இலக்கத்தின் முன் 19 உம், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின் பின் ஒரு சுழியும் சேர்த்து, ஆங்கில எழுத்தை விடுத்தால் புதிய இலக்கம் கிடைக்கும். இதனைப் பிறப்புச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. வேற்றுமை காணப்படின், மானியத்துக்கு விண்ணப்பிக்குங் காலம் வரை காத்திராது கிராம அலுவலரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இலக்கத்தைக் கண்டவர் எவரும் வயதைக் கணித்துவிடலாம் என்பது இம்முறையின் குறையே. இந்தியாவில் 2010 முதல் வழங்கப்படும் ஆதார் இலக்கத்திலும் 12 இலக்கங்கள் உளவாயினும், அதிலிருந்து பிறந்த நாளை அறிய இயலாது.

2022 மார்ச்சில் இந்திய உதவியுடன் மேற்கொள்ள இணக்கங் காணப்பட்ட இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம், முகம், விரல் ரேகை, கருவிழி ஆகியவற்றைப் பதிவதாக வகுக்கப்பட்டது. இங்கே கமக்காரர் கருத்திற்கொள்ள வேண்டிய இடர் ஒன்றுண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். சுண்ணாம்பும் பசளையும் தோலை அரிக்கும். புகையிலைப் பால் விரலில் ஒட்டிக் கறுக்கும். இந்தியாவின் பங்கீட்டுக் கடைகளில் முதியோரதும் கூலியாட்களினதும் விரலை இயந்திரம் ஏற்காமையால் பலர் அரிசியின்றித் திரும்ப நேர்ந்தது. இயந்திரம் அடையாளங் காணத் தவறியமையால் உரியவருக்கு உதவி மறுக்கப்படலாகாது என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் வலியுறுத்திற்று.

ஆகவே ரேகை பதிவதற்குச் சில நாட்களின் முன்பிருந்தே இரவில் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, பதியும் நாளில் சவர்க்காரமிட்டுக் கழுவி ஈரமின்றித் துடைத்துச் செல்லுதல் வேண்டும். ஒரு விரல் பதியாவிடின் மற்றைய விரல்களை வைக்கலாம். எவ்விரலும் பதியாவிடின் கருவிழியைப் பதியுமாறு கேட்டுக்கொண்டு, விரல் பதியவில்லை என்பதை அலுவலரிடம் எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.