ஒரு நாள் குறைந்த ஆண்டு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போல் ஆட்டத்திலே ஓராண்டு என்பது 172 நாட்கள். பருவம் 180 நாட்களுக்கு மேல் நீளும். அதிலே 172 நாட்கள் முதல்நிலைக் கழகத்தில் இருந்தவனுக்கே ஓராண்டுச் சேவை கணக்கில் ஏறும். அவ்வாறு ஆறாண்டு நிறைந்த பின்னரே, விரும்பிய கழகத்துடன் பேரம் பேசும் உரிமை அவனுக்குண்டு. இளைஞரை எப்போது மேலே அழைப்பது என்ற ஆலோசனையில் நாட்காட்டியும் வந்து அமர்ந்துகொள்வது இதனாலேதான்.

2015 இல் சிக்காகோ கப்ஸ் கழகத்தின் கிறிஸ் பிறையன்ற், பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்கள் அடித்தார். அவரினும் மிகுதியாக அடித்தவர் எவருமிலர். ஆயினும், களத்தடுப்பில் இன்னும் தேர்ச்சி வேண்டுமென்று கூறி, அவரை அயோவாவிலுள்ள கீழ்நிலைக் குழுவுக்கு அனுப்பினர். ஏப்ரல் 17 இல் மேலே அழைத்தனர். பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தவை 171 நாட்கள்! அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

கழகம் விதி இடங்கொடுத்ததையே செய்தது என்பது உண்மை. 2016 இல், 1908 க்குப் பின் முதன்முறையாக, அது உலகத் தொடரில் வாகையும் சூடிற்று. எனினும், அவருடைய தேர்ச்சிக் குறை சரியாக அந்த நாட்கணக்குக்கு இசைந்து தீர்ந்தது என்று நம்ப என் மனம் இடந்தரவில்லை.

பிறையன்ற் முறையிட்டார், 2020 இல் நடுவர் கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். புதுமுக விருது வாக்கெடுப்பில் முதலிரு இடங்களைப் பெறுவோருக்கு முழு ஆண்டையும் வழங்கும் உடன்படிக்கை 2022 இல்தான் வந்தது. பிறையன்றோ பேரம் பேசும் உரிமையை 2021 இறுதியிலே, ஓராண்டு பிந்தியே பெற்றிருந்தார்.